கண்காட்சிக்குச் சேவல் கொண்டுபோகும் பெட்டி: அளவும் காற்றும்

கல்லடி:
கொழும்புக் கண்காட்சிக்கு ஒரு பிரம்மாச் சேவலும் ரெண்டு சில்க்கிப் பேடும் (ரெண்டும் கோழி இனம்) போகுது. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியா வேன், 300 கிலோமீற்றருக்கு மேல. கம்பிக்கூடு வாங்குறதா, ஒட்டுப்பலகையில பெட்டி அடிக்கிறதா? அளவு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அக்கரைப்பற்று:
கம்பிக்கூடு வேணாம் தம்பி. பிரேக் போடுற நேரம் வால் இறகு வலைக்குள்ள பூந்து முறியும். முறிஞ்ச இறகு கழன்று விழுந்தால்தான் புதுசு முளைக்கும், அந்தக் கண்காட்சிக்கு வராது.

6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, மூலைக்கு ஒரு அங்குலச் சட்டம். பிரம்மாவுக்கு 18 நீளம், 15 அகலம், 26 அங்குல உயரம். உயரத்தைக் குறைச்சால் சேவல் குனிஞ்சே நிக்கும், கொண்டை மேல்பலகையில உரசி ரத்தம் வரும். சில்க்கிக்கு ஒவ்வொன்றுக்கும் 12க்கு 12, உயரம் 15. நடுவுல முழுப்பலகையால தடுங்க. ஒன்றாப் போட்டால் தலைக்குடுமியைக் கொத்தும்.

மேல் நாலு அங்குலத்துக்குள்ள, நாலு பக்கமும் ஒரு அங்குலத் துளை, ரெண்டு அங்குல இடைவெளியில. அது சூடு மேலால வெளியேற. காற்று உள்ள வர, அடியில போடுற மரச்சீவலுக்கு மூணு அங்குலம் மேல நாலைந்து துளையும் வேணும். துளை விளிம்பை உள்பக்கம் மண்தாளால தேயுங்க. வெளியில துளைக்குக் கீழே ஒரு அங்குலச் சட்டம் சுற்றி அடிக்காட்டி, பக்கத்துப் பெட்டி ஒட்டி அடைச்சிரும். மரவேலை செய்யுற ஓடாவிமார் இதைத்தான் விட்டுர்றாங்க. திருகாணி முக்கால் அங்குலம் போதும், நீளம் கூடினால் முனை உள்ள நீட்டும்.

கல்முனை:
அளவு சரி. கதவை மட்டும் மேல வைக்காதீங்க, திறந்ததும் சேவல் பாயும். முன்பக்கம் முழு அகலத்துக்கு, மேல இழுக்கிற பலகைக் கதவு. நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்து, தலை முன்னால வரும்படி எடுக்கணும். பின்னால இழுத்தால் இறகெல்லாம் எதிர்ப்பக்கம் மடங்கும்.

அடியில மரச்சீவல் மூணு அங்குலம். மரத்தூளும் உமியும் கண்ணுக்குள்ள போகும், முகம் முழுக்க இறகுள்ள சில்க்கிக்கு இன்னும் மோசம். வெறும் பத்திரிகை வழுக்கி, கால் விரிஞ்சிரும். தண்ணிக் கோப்பை ஓட்டத்துல ஊத்துண்டு கால் இறகு நனையும். கெக்கரிக்காய்த் துண்டு போடுங்க, நிறுத்துற இடத்துல தண்ணி காட்டுங்க. வார்னிஷ் பூசினால் மணம் போகும்வரை ஒரு கிழமையாவது வெளியில காயட்டும்.

கல்லடி:
நன்றி நானா. ஏசி வேன் என்றாலும் இவ்வளவு துளை வேணுமா?

கல்முனை:
வேணும். முன்சீட்டுக் குளிர் பின்னால அடுக்கின பெட்டிக்குள்ள போய்ச் சேராது, இஞ்சின் நின்றால் அதுவும் நிக்கும். தேத்தண்ணி குடிக்க நிறுத்தினாலும் பின்கதவைத் திறந்து வைங்க. இஞ்சின் சீட்டுக்குக் கீழே உள்ள வேனில அந்தத் தரையில பெட்டி வைக்கவே வேணாம்.

அக்கரைப்பற்று:
இரவு பத்துக்கு வெளிக்கிடுங்க. கடைசித் தீன் அதுக்கு நாலு மணித்தியாலம் முன்ன. பெட்டி உயரத்துல ஒரு வெப்பமானி கட்டுங்க, 30 பாகை தாண்டினால் கண்ணாடியை இறக்குங்க. சொண்டு திறந்து, செட்டை தொங்கி மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்கு எடுத்து, கொண்டையையும் காலையும் சாதாரண தண்ணியால நனைங்க. ஐஸ் வேணாம்.

திரும்பி வந்ததும் ரெண்டு கிழமையாவது மற்றக் கோழிகளோட சேர்க்காதீங்க. பெட்டியை முதல்ல சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, பிறகுதான் கிருமிநாசினி. எச்சத்துக்கு மேல ஊத்தினால் அது வேலை செய்யாது.