வேலியில் செந்தட்டி: கீரையாகப் பறிக்கலாமா?

கொல்லைக்காரன்:
மழைக்குப் பிறகு கொல்லை வேலியில் ஒரு கொடி படர்ந்திருக்கிறது, இலை ஓரமெல்லாம் ரம்பப் பல், பட்டால் சுரீரென்று எரிந்து தடித்துவிடுகிறது. செந்தட்டி என்கிறார்கள். யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் இப்படிப்பட்ட செடியைத்தான் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். நானும் பறிக்கலாமா? பையன் அந்தப் பக்கம் பந்து பொறுக்கப் போவான், அது வேறு பயம்.

வேலிப்பருத்தி:
அண்ணா, அவசரம் வேண்டாம். அவர்கள் சூப் வைப்பது அர்டிகா என்கிற வேறொரு எரிச்சல் செடி. அது கொடியாக ஓடாது, நட்டமாக நிற்கும், இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். செந்தட்டி ஆமணக்குக் குடும்பம். இலை மாறி மாறி வரும், காய் மூன்று பகுதியாகப் புடைத்திருக்கும், அதன் மேலும் சுணை, அதாவது குத்தி எரியவைக்கும் முடி. ஒன்றின் சமையல் குறிப்பை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். சித்த மருந்தில் செந்தட்டி வேரைச் சேர்ப்பார்கள், அதைக் கீரைக்கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

லண்டன்வாசி:
இங்கே தோட்டத்து மூலையில் அர்டிகா தானாகவே வரும். பூப்பதற்கு முன் நுனிக் கொழுந்தை மட்டும் கையுறை போட்டுக் கத்தரிப்பேன், கொதிநீரில் போட்டால் சுணை அடங்கிவிடும், அப்புறம் பருப்போடு கடைந்தால் பசலை மாதிரி. பூத்த பிறகு தொடுவதில்லை. மண்ணுக்கடியில் மஞ்சள் நிறக் கிழங்குவேர் ஓடிப் பரவும் என்பதால் தொட்டியில் வைப்பது நல்லது.

கொல்லைக்காரன்:
சரி, சமையலை விட்டுவிட்டேன். கொடியை அகற்றுவது எப்படி?

வேலிப்பருத்தி:
மண் ஈரமாக இருக்கும்போது முழுக்கைச் சட்டை, தடித்த ரப்பர் கையுறையோடு போங்கள். மெல்லிய துணிக் கையுறைக்குள் சுணை புகுந்துவிடும். முதலில் அடித்தண்டை அரிவாளால் அறுத்து, வேரைக் களைக்கொத்தியால் நெம்பி எடுங்கள். வேர் தங்கினால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கொடியை இழுத்து உருவினால் முகத்தில் வந்து விழும், துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் போடுங்கள். கையுறையைக் கழற்றுமுன் சோப்புத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தால் சுணை கொஞ்சம் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம், கலமைன் தடவலாம். முகம் வீங்கினாலோ மூச்சு இறைத்தாலோ நேரே ஆஸ்பத்திரி.

மாடித்தோட்டம்:
முழுக்க ஒழிக்கவேண்டுமா? ஏரியாட்னே வகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் செந்தட்டி இலையைத்தான் தின்னும்.

வேலிப்பருத்தி:
அவை ஆமணக்கையும் தின்னும். ஆனால் அதன் கொட்டை விஷம், பையன் வாயில் போட்டுவிடாமல் குலையை முற்றுமுன் கிள்ளிவிட வேண்டியிருக்கும். அதற்குப் பந்து போகாத மூலையில் ஒரு செந்தட்டிக் கொடியை விட்டுவைப்பதே மேல்.