அப்பாவின் கணினியைத் தொட்டால் சுர்ரென்கிறது, எதை முதலில் சரிசெய்வது?

சீர்காழி மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பழைய ஓட்டு வீட்டில் ரேழியை ஒட்டிய அறையில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறார். வகுப்புக்காக நோட்டுகளில் எழுதி வைத்த இலக்கணக் குறிப்புகளை எல்லாம் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். நான் கோவையில் இருப்பவள். இப்போது நான்கு நாள் ஊருக்கு வந்ததில்தான் இதையெல்லாம் பார்த்தேன்.

வெறுங்காலோடு சிபியு பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. அப்பா "அது ரொம்ப நாளா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு பென் டிரைவ் செருகுகிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சாயங்காலம் ஆனால் கழுத்து வலி, தைலம் தேய்க்காமல் தூக்கம் இல்லை. திரையின் வலது மூலையில் "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அடிக்கடி ஒரு பெட்டி வேறு எழும்புகிறது. கடையில் கேட்டால் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

கும்பகோணம் மெக்கானிக்:
மாற்ற வேண்டாம் தங்கச்சி. கழுத்தும் வைரஸும் ஒரு வாரம் பொறுக்கும், அந்த ஷாக் பொறுக்காது. 22 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். "சிபியு ஷாக் அடிக்குது" என்று தூக்கிக்கொண்டு வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு வீட்டுச் சுவரில் இருக்கும்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. அவை துளி மின்சாரத்தைப் பெட்டியின் தகட்டுக்குக் கசியவிடும். எர்த், அதாவது தகட்டை மண்ணோடு இணைக்கும் மூன்றாவது கம்பி, நன்றாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி தகட்டிலேயே நிற்கும், தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும். இந்தக் கசிவு மட்டும் என்றால் சுர்ரென்பதோடு முடியும். ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸ் போகாது. அப்போது தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் செருப்புப் போட்டுச் சமாளிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின் முழுசாக இருக்கிறதா, நடுவில் டூ-பின் அடாப்டர் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் கூடாது. போன ஆடியில் ஒரு வீட்டில் போர்டைத் திறந்தேன். பச்சை வயர் வந்திருந்தது, ஆனால் நுனியில் டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள், திருகில் மாட்டவே இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சிலர் வேலை சீக்கிரம் முடிய, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவார்கள். ஷாக் நின்றுவிடும், நாமும் நிம்மதியாக இருப்போம். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 ஏறும். பக்கத்திலேயே நின்று பாருங்கள். கொல்லையில் எர்த் குழி இருந்தால், காய்ந்து கிடக்கிறதா பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள்.

டிடிபி அக்கா:
கழுத்துக்கு நான் சொல்கிறேன். சிவகாசியில் 18 வருடம் அச்சகத்தில் உட்கார்ந்து தட்டியவள். அப்பா பைஃபோகல் கண்ணாடிதானே? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பைஃபோகல் போடுகிறவருக்கு அது ஆகாது. கீழ்ப் பாதிக் கண்ணாடி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்குவார், நாள் முழுக்கக் கழுத்து பின்னால் மடிந்தே இருக்கும். திரையை இன்னும் கீழே இறக்கிக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் அந்த நோட்டு என்று நினைக்கிறேன். மேஜையில் படுக்க வைத்துப் பார்த்து அடிக்கிறார் இல்லையா? ஒவ்வொரு வரிக்கும் தலை கீழே போய் மேலே வரும். வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கும் சிக்குப்பலகை இருந்தால் நோட்டை அதில் நிமிர்த்தித் திரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்க கண்ட்ரோலோடு பிளஸ் பொத்தான். கால் தரையில் பாவவில்லை என்றால் ஒரு மணை போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 வினாடி பார்க்கட்டும். சன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் நல்லது.

இரவு ஷிப்ட்:
அந்தப் பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும், அப்பா சரி என்று அமுக்கியிருப்பார். குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. யார் சொன்னாலும் எனிடெஸ்க் (தூரத்திலிருந்து நம் கணினியை இயக்க விடும் மென்பொருள்) போட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். விண்டோஸ் 10-ஆக இருந்தால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, அதையும் பாருங்கள்.

சீர்காழி மகள்:
எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் வந்தார், நான் நகரவே இல்லை. சுவரில் எர்த் சரியாகவே இருக்கிறது, மீட்டர் 228 காட்டியது. குற்றவாளி நடுவில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ். மேலே மூன்று ஓட்டை, ஆனால் வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டே கம்பி! புதிதாக மூன்று கம்பி வயரோடு வாங்கி மாட்டினோம். வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆர்சிசிபி நாளைக்கு.

சிக்குப்பலகை பரணில் இருந்தது, பாட்டி ராமாயணம் வாசித்தது. அப்பா அதைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அறிவிப்பில் 14 தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 11 நோட்டு முடித்திருக்கிறார், இன்னும் 9. முடித்ததை எல்லாம் இன்னொரு டிரைவில் பிரதி எடுத்துக் கோவைக்குக் கொண்டுபோகிறேன்.

கும்பகோணம் மெக்கானிக்:
நல்லது தங்கச்சி. அந்தப் பழைய ஜங்ஷன் பாக்ஸைத் திரும்பப் பரணில் போட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு சீரியல் செட் போட யாராவது எடுப்பார்கள். பிளக்கை வெட்டி எடுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.