மட்டுச் சமன்பாடு: வரைபு கீறி விளக்க யாராவது உதவுவீர்களா?

வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அக்காவின் மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். மட்டு என்றால் எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து உள்ள தூரம், |−7| = 7, அதுவரை சரி. சிக்கல் |2க − 1| = க − 2 என்ற சமன்பாட்டில்தான் (எக்ஸுக்குப் பதில் க போட்டிருக்கிறேன்). இரு பக்கத்தையும் வர்க்கித்தால் க = 1, −1 என்று வருகிறது. பிரதியிட்டால் இரண்டுமே பொருந்தவில்லை: இடப்பக்கம் 1, 3, வலப்பக்கம் −1, −3. தூரம் மறையாக வராது, அதனால் க ≥ 2 என்று முதலே எழுதச் சொன்னேன்.

"அப்ப வர்க்கிக்கேக்க இல்லாத விடை எங்கயிருந்து வந்தது?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி.

இதை வரைபு கீறி விளங்கப்படுத்தக்கூடிய ஆசிரியர்கள் ஒரு படம் போட்டு உதவுங்கோ. தமிழ்மொழிமூலப் பயிற்சி வினாக்கள் இருந்தாலும் அனுப்புங்கோ. அடுத்த கிழமை அவளுக்குச் சோதனை.