தயிர்ப் பச்சடி நீர்மோரான கதை: உங்கள் வீட்டில் எப்படி?

மேற்கு மாம்பலம்:
கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள், வீட்டில் வெஜிடபிள் பிரியாணி. பச்சடிதானே, முதலில் முடித்துவிடுவோம் என்று காலை பத்து மணிக்கே இரண்டு வெள்ளரிக்காய், ஒரு பெரிய வெங்காயம், அரை லிட்டர் தயிர், உப்பு, தாளிப்பு எல்லாவற்றையும் கலந்து மேடையில் மூடி வைத்துவிட்டேன். ஒன்றரை மணிக்குத் திறந்தால் மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அடியில் வெள்ளரித் துண்டுகள் துவண்டு கிடக்கின்றன. புளிப்போ பல் கூசுகிறது. நாத்தனார் கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கி, "அண்ணி, இது பச்சடியா, நீர்மோரா?" என்றாள். அவள் பையன் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தே விட்டான்!

தப்பு இரண்டு இடத்தில். உப்பு பட்டதுமே வெள்ளரியும் வெங்காயமும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். அப்புறம் வெயில். தயிரைத் தோய்க்கும் பாக்டீரியாவுக்கு 40 டிகிரி வாக்கில்தான் கொண்டாட்டம். மே மாதத்தில் நம் சமையலறை அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தயிர் தோய்ந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை.

இப்போது ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் தோய்க்கிறேன். 6 சதவீதக் கொழுப்பு, கத்தியால் வெட்டலாம் போலிருக்கும். வெள்ளரியைத் துருவாமல் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவிக் கால் மணி நேரம் விட்டு, கையால் ஒட்டப் பிழிகிறேன். அரை டம்ளர் தண்ணீர் வரும், நம்ப மாட்டீர்கள். அதைக் கொட்டாமல் மோரில் சேர்த்துவிடலாம். தயிர் கடைசி நிமிடம் வரை ஃபிரிட்ஜில். தட்டு வைத்த பிறகுதான் கலப்பது. கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து, சூடு கொஞ்சம் அடங்கியதும் மேலே கொட்டினால் போதும்.

சௌகார்பேட்டை:
எங்கள் எதிர்வீட்டில் ராஜஸ்தான்காரர்கள். அந்த அம்மா தாளிப்பதே இல்லை. சீரகத்தை வெறும் வாணலியில் நன்றாகச் சிவக்க வறுத்து, ஆறியதும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி அப்படியே தூவுகிறார். கூடவே காலா நமக் என்கிற கறுப்பு உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள். அந்த உப்பில் அவித்த முட்டை வாசம் லேசாக அடிக்கும். முதல் நாள் என் வீட்டுக்காரர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார். காராபூந்தி போட்டும் செய்வார்கள். வடக்கே தயிர்ப் பச்சடிக்குப் பெயர் ரைத்தா. அதில் உள்ள 'ராய்' கடுகைக் குறிக்கும் என்பார்கள். அந்த அம்மா வீட்டு ரைத்தாவில் கடுகே கிடையாது, விடாமல் கடுகு தாளிப்பது நாம்தான்!

திருவான்மியூர்:
வெங்காயம், வெள்ளரியோடு ஏன் நின்றுவிட்டீர்கள்? வாழைத்தண்டு போட்டுப் பாருங்கள். வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நடுவில் நூல் போல நார் இழுக்கும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனால் கடைசியில் விரலுக்கு ஒரு பஞ்சு மோதிரம் கிடைக்கும். என் பெண் அந்த வேலைக்காகவே சமையலறைக்கு வருவாள். நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். பச்சையாகவே தயிரில் சேர்க்கலாம். தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டால் தயிர் சீக்கிரம் நீர்க்காது.

வெண்டைக்காயும் அருமை. ஆனால் மொறுமொறுவென்று வறுத்து, சாப்பிட உட்காரும்போது சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் வழவழா கொழகொழாதான்.

மேற்கு மாம்பலம்:
சரி, அடுத்த ஞாயிறு வாழைத்தண்டு. முந்தின நாள் ராத்திரியே நறுக்கி வைக்கலாமா?

திருவான்மியூர்:
வைக்கலாம். மோர்த் தண்ணீரில் முழுசாக மூழ்கியிருக்கட்டும், ஃபிரிட்ஜில். உப்பை மட்டும் அப்போது போட்டுவிடாதீர்கள்.