செவலை அன்று ஏன் திண்ணை ஏறினாள்?

வைகைக்கரை எழுதியது:

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாளாகப் படுத்திருந்தார். அம்மா துணைக்கு இருந்தார். வீட்டில் நானும் பிள்ளைகளும், தொழுவத்தில் எங்கள் பசு செவலையும். வீட்டு மனிதருக்கு ஒன்று நேர்ந்தால் மாட்டுக்குத் தெரிந்துவிடும் என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

பதினோராம் நாள் இரவு, கதவில் ஏதோ மோதுகிற சத்தம் கேட்டு விழித்தேன். திறந்தால் செவலை. முளைக்குச்சியை மண்ணோடு பிடுங்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்னங்கால் இரண்டும் திண்ணைப் படியில், நெற்றி கதவுக்கு நேராக. ஆறு வருடத்தில் ஒருநாளும் அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. கத்தவில்லை. மூச்சு மட்டும் என் மணிக்கட்டில் சுடச்சுட விழுந்தது.

அரிசி மூட்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தூக்கம் கெட்ட எரிச்சல், பதினோரு நாள் அலைச்சல். கதவோரம் அப்பா வைத்திருந்த கம்பை எடுத்து முதுகில் இரண்டு அடி வைத்தேன். அசையவில்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், அவள் கண் என்மேல் இல்லை. என் தோளைத் தாண்டி உள்ளே, அப்பாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடிக்குத்தான் இறங்கினாள். இறங்கிப் படிக்குக் கீழேயே படுத்துவிட்டாள். கடிகாரத்தில் 3.20.

நான்கு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். 3.10-க்கு உயிர் பிரிந்ததாம்.

நாற்பது நாளாகிவிட்டது. அப்பா போனதைவிட அந்த மூன்று அடிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சேதி சொல்ல வந்தவளை அடித்துவிட்டேனா?

கொடிக்கால் எழுதியது:

சகோதரி, படித்து முடித்ததும் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். வீடு திரும்பும் நேரம் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. நான் பணிமனையில் வண்டியை ஒப்படைக்கிற நேரத்துக்கு எங்கள் நாய் மணி தெருமுனைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். நம்பாமல், நாட்காட்டித் தாளில் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னேன். இங்கிலாந்தில் ஜேட்டீ என்ற நாயை வைத்து உயிரியலாளர் ரூபர்ட் ஷெல்ட்ரேக் 1990-களில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். உரிமையாளர் கிளம்பிய பிறகு நாய் ஜன்னலருகே அதிகம் காத்திருந்தது என்றார் அவர். 1995-இல் அதே நாயைச் சோதித்த உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன், அது சும்மாவே பலமுறை ஜன்னலுக்குப் போகிறது என்று மறுத்தார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

ஒருநாள் மாலை 6.40-க்கு வண்டியை ஒப்படைத்துவிட்டு நடந்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. உடன் வேலை செய்கிறவருக்கு விபத்து. திரும்பி ஓடினேன், இரவு முழுக்க அவரோடு இருந்தேன். காலையில் வந்து தாளைப் பார்த்தால், அம்மாவின் கையெழுத்தில்: '6.40 முனைக்குப் போனான். 6.50 திரும்பி வந்து கட்டிலடியில் படுத்துக்கொண்டான்.' போனதற்குக்கூட ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். திரும்பி வந்ததற்கு?

தொழுவம் எழுதியது:

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் மனதையும் நோகடிக்க எழுதவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் அந்த மாட்டுக்கும் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

கொடிக்கால் தம்பி, ஒரு தாள் போதாது. முனைக்குப் போய் நீங்கள் வராத நாட்களையும் அம்மா குறித்தாரா? பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1904-இல் அறிஞர் குழு ஒன்று பார்த்துவிட்டு ஏமாற்று இல்லை என்றது. 1907-இல் உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அவிழ்த்துக் காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தோற்றான். நம் உடம்பு பேசுவது நமக்கே தெரிவதில்லை, அவற்றுக்குத் தெரிகிறது.

சகோதரி, உங்களிடம் மூன்று கேள்விகள். அன்று தொழுவத்தில் பாம்பு நடமாட்டம் இருந்ததா? அவளுக்கு வயிறு உப்பியிருந்ததா? அப்பா வழக்கமாக அந்த நேரத்துக்கு எழுவாரா?

இனி என் கதை. எங்கள் பக்கம் கன்று செத்தால் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தாய்முன் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் மாடு பாலை இறக்காமல் எக்கிக்கொள்ளும். நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் வைக்கோல் கன்றைக் கொண்டுபோய் வைத்தோம். மாடு நெற்றியை நக்கியது, காதை நக்கியது. தையல் போட்ட வயிற்றுப் பக்கம் மூக்கை வைத்ததும் நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பியது. பக்கத்தில் பால் கறக்கிறவர் இருந்தார், வீட்டுக்காரர் இருந்தார். அது என்னைத்தான் பார்த்தது. யோசனை என்னுடையது என்று யார் அதற்குச் சொன்னது? தோலில் என் கைவாடை இருந்திருக்கும் என்பதே என் பதில். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன்பின் வைக்கோல் கன்று செய்யச் சொல்லி யாருக்கும் யோசனை தரவில்லை.

மலைவாசல் எழுதியது:

தொழுவம் ஐயா, கடைசிப் பத்தியை எழுதிய நீங்களா முதல் பத்திகளையும் எழுதினீர்கள்? வாடை, அசைவு என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? வாடையைக் கொண்டு அது என்ன புரிந்துகொண்டது என்பதுதானே கேள்வி.

நான் திருவண்ணாமலை. ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்றாக 1926-இல் வந்தவள். 1948 ஜூன் 18 அன்று அவள் உயிர் பிரியும்போது பகவான் ரமணர் அருகில் உட்கார்ந்து தலையில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையும் வைத்திருந்தார். அவள் முக்தி அடைந்ததாக வெண்பாவும் எழுதினார். மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட அங்கே சமாதி உண்டு. அவர்களுக்கிடையில் பேச்சுக்கு வேலை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் அனுபவம் சின்னதுதான். கிரிவலப் பாதையில் மயக்கம் வந்து உட்கார்ந்தேன். முன்பின் பார்த்திராத தெருநாய் ஒன்று முதுகை என் முழங்காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நான் எழும்வரை இருந்தது. பிஸ்கட் கொடுத்தேன். தொடவில்லை.

மாயாற்றங்கரை எழுதியது:

நான் முதுமலை, தெப்பக்காட்டில் வளர்ந்தவன். மாமா யானைப் பாகன். முகாம் யானைகளை இரவில் மேய்ச்சலுக்குக் காட்டில் விடுவதும், காலையில் பாகனும் அவருக்கு உதவியாளான காவடியும் சங்கிலித் தடம் பார்த்துத் தேடிப்போவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாமா காய்ச்சலில் விழுந்த மூன்றாம் நாள், தேடிப்போக ஆள் கிளம்புவதற்கு முன்பே அவருடைய யானை வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றது. நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வயது பத்து. காதில் ஒன்றும் விழவில்லை. நெஞ்செலும்புக்குள் மட்டும் தடதடவென்று ஏதோ அதிர்ந்தது. உள்ளே மாமா கண்ணைத் திறக்காமலே, 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த அதிர்வுக்குப் பெயர் உண்டு என்று பிறகு படித்தேன். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் நின்ற விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெயின், காற்று துடிப்பதை உணர்ந்திருக்கிறார். சிறுவயதில் தேவாலயத்துப் பெரிய ஆர்கன் அருகே நின்றபோது உணர்ந்த அதே துடிப்பு. பதிவுசெய்து பார்த்தால், வினாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே, நம் காதுக்கு எட்டாத குரலில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. 1984-க்கு முன்னால் இதைச் சொன்னவனை என்னவென்று சொல்லியிருப்பார்கள் ஐயா? அதையும் மனப்பிரமை என்றுதானே?

வேப்பங்காற்று எழுதியது:

வைகைக்கரை அக்கா, இவர்கள் வாதம் இருக்கட்டும். முதலில் அவளை விற்றுவிடாதீர்கள். துக்க வீட்டில் யாராவது வந்து, 'வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்' என்று தரகரைக் கூட்டிவருவார்கள். ஒரு வருடம் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அடுத்து, இணையத்தில் படத்தை அனுப்பினால் மாட்டின் மனதைப் படித்துச் சொல்கிறோம் என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் என் கிளி இறந்த துயரத்தில் கொடுத்தேன். 'அது உங்களை மன்னித்துவிட்டது' என்று பதில் வந்தது. நான் அதற்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை அக்கா. அவ்வளவுதான் என் அனுபவம்.

பணம் வேண்டாம், நேரம் கொடுங்கள். தீவனம் வைப்பதை வேறு யாரிடமும் விடாதீர்கள். அப்பா எந்தக் கையால் தடவுவார், எந்த இடத்தில் தடவுவார் என்று அம்மாவிடம் கேளுங்கள். கழுத்தின் தொங்குதசையைக் கீழிருந்து மேலாக வருடினால் மாடு தலையை நீட்டிக்கொடுக்கும். நீட்டவில்லையென்றால் மறுநாள் வருடுங்கள். அடித்த கம்பை வீட்டில் வைக்காதீர்கள். அப்பாவுடையது என்று மனம் வராது, ஆனாலும் அவள் கண்ணில் படாமல் பரணில் போடுங்கள். அப்பாவின் பழைய துண்டு இருந்தால் துவைக்காமல் தொழுவத்துக் கம்பத்தில் கட்டுங்கள். வாடை என்று தொழுவம் ஐயா சொல்வது உண்மையானால் அதுவும் அவளுக்கு ஆறுதல்தானே.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தொழுவம் ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். பாம்பு இல்லை, மறுநாள் வைக்கோற்படப்பு வரை பிரித்துப் பார்த்தார்கள். வயிறும் உப்பவில்லை, விடிந்ததும் அசைபோட்டாள்.

மூன்றாவது கேள்வியை நான் யோசித்ததே இல்லை. ஆமாம், அப்பா எழுவார். மும்முனை மின்சாரம் வரும் முறைக்கு அவர் மூன்று மணிக்கு எழுந்து மோட்டார் போடப் போவார். போகிற வழியில் அவள் கழுத்தில் கை வைத்துவிட்டுத்தான் போவார் என்று அம்மா சொன்னார். அந்தக் கைக்காக எழுந்துவந்திருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம் ஐயா. ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த முந்தைய பத்து இரவும் அதே மூன்று மணி வந்தது. பத்து இரவும் முளையில்தான் படுத்திருந்தாள்.

வேப்பங்காற்று தம்பி, கம்பைப் பரணில் போட்டுவிட்டேன். துண்டு கிடைக்கவில்லை, மோட்டார் அறையில் அவர் மாட்டியிருந்த சட்டையைக் கட்டியிருக்கிறேன். கழுத்தை வருடினேன். முதல் மூன்று நாள் விலகிப்போனாள். நேற்று விலகவில்லை, தலையையும் நீட்டவில்லை.

முளைக்குச்சியை நான் திரும்ப அடிக்கவில்லை. கட்டாமல்தான் விட்டிருக்கிறேன். இரவில் தொழுவத்துக்குப் போவதில்லை. திண்ணைப் படிக்குக் கீழே, கட்டில் தெரிகிற பக்கமாகப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.