பாடசாலை நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பு: நேரிலா, சூமிலா?

உப்புவெளி நூலகம்

வணக்கம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் எங்கள் பாடசாலை நூலகத்துக்கு ஒரு எழுத்தாளரை அழைக்க அதிபர் சம்மதித்துவிட்டார். தரம் 7, 8 பிள்ளைகள் மொத்தம் 68 பேர். நூலக அறையில் நெருக்கி இருந்தால் 40 பேர் இருக்கலாம். கையில் இருப்பது ஒரு லப்டொப், ஒரு மல்டிமீடியா (புரொஜெக்டர்), காலைக் கூட்டத்துக்குப் பாவிக்கும் ஸ்பீக்கரும் மைக்கும். வைஃபை அலுவலகத்தில் மட்டும்தான், நூலகத்துக்கு எட்டாது.

கொழும்பிலிருந்து ஒருவரை நேரில் கூப்பிடலாம். இல்லாவிட்டால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவரைச் சூமில் பேசச் சொல்லலாம். எது நல்லது? பாடவேளை 40 நிமிடம். இப்படியான கூட்டங்களில் பிள்ளைகள் கடைசி வரை வாயே திறப்பதில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் முக்கியமாகத் தெரியவேண்டும்.

வாசிப்பு வட்டம்

நேரிலா சூமிலா என்பதைப் பிறகு பார்ப்போம். பிள்ளைகள் பேசாமல் இருப்பதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எழுதியதில் ஒரு வரிகூட வாசிக்காத பிள்ளை அவரிடம் எதைக் கேட்கும்? “எத்தனை வயதில் எழுதத் தொடங்கினீர்கள்”, “உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்” என்ற இரண்டோடு சரி. அதனால் வேலையை மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

எழுத்தாளரிடமே கேட்டு ஒரேயொரு சிறுகதையைத் தெரிவு செய்யுங்கள். இந்த வயதுக்கு அச்சில் 4 முதல் 6 பக்கம் அளவு. முழுப் புத்தகம் வேண்டாம். நாலு பிரதியை 68 பேருக்குச் சுற்றுக்கு விட்டால், பாதிப் பேரின் கைக்கு வருமுன் நிகழ்வு நாள் வந்துவிடும். கதையைப் போட்டோகொப்பி எடுக்க அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். உரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அங்கேயும் கேட்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கு ஓரளவு இடம் தருகிறதுதான். இருந்தாலும் விருந்தாளியாக வருபவரின் கதையை அவருக்குத் தெரியாமல் பிரதி எடுப்பது முறையல்ல.

முதல் கிழமை ஆசிரியர் உரத்து வாசிக்க வேண்டும். இடையில் நிறுத்தவோ, சொல்லுக்குப் பொருள் சொல்லவோ வேண்டாம், கதை ஒரே ஓட்டமாகக் காதில் விழட்டும். இரண்டாம் கிழமை பிள்ளைகள் தாங்களே வாசித்து, விளங்காத இடத்திலும் பிடித்த இடத்திலும் பென்சிலால் கோடு போடட்டும். மூன்றாம் கிழமை கேள்விச் சீட்டு. அரைத்தாளில் பெயர், பக்க இலக்கம், கேள்வி. பக்க இலக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். “இந்தக் கதையை ஏன் எழுதினீர்கள்” என்று கேட்கவிருந்த பிள்ளை, “3ஆம் பக்கத்தில் ஆச்சி கதவைப் பூட்டாமல் போகிறா. மறந்துபோனாவா, வேண்டுமென்றே விட்டாவா?” என்று கேட்கும். இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அவர் எங்கேயும் சொல்லாத பதில் அப்போதுதான் வரும்.

சீட்டுகளில் 12ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் எட்டு ஒன்பது கேள்விக்கு மேல் போகாது, மிச்சம் கையிருப்பு. பிள்ளையின் வசனத்தைத் திருத்தி அழகுபடுத்தவே வேண்டாம். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்புவித்தால் கேட்பவருக்கு உடனே விளங்கும், பதிலும் அதே மாதிரி ஒப்புவித்தலாகிவிடும். எழுத்தாளருக்கு முன்கூட்டி இரண்டு மூன்று கேள்வி மட்டும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுப்பினால் அவர் பேச்சாகத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார்.

சல்லிக்கரை

சூம் என்று முடிவெடுத்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒக்டோபரில் ரொறன்ரோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை 8.00 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 10.30. நவம்பர் முதல் ஞாயிறோடு அங்கே மணிக்கூட்டை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு இரவு 9.30. லண்டன் இதற்கு எதிர்மாறு. இங்கே காலை 10.00 அங்கே விடிகாலை 5.30, யாரையும் எழுப்ப முடியாது. பகல் 12.30 என்றால் அங்கே காலை 8.00, ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 7.00. ஆகவே ரொறன்ரோக்காரருக்கு முதல் பாடவேளை, லண்டன்காரருக்குக் கடைசிப் பாடவேளை. அழைப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் திகதியோடு எழுதுங்கள். ரொறன்ரோவுக்குத் திகதியே ஒரு நாள் குறையும், அதில்தான் ஆட்கள் தவறுவது.

எனக்கு லண்டன் நேரம் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒக்டோபரில் இங்கே இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் இறங்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கரண்டும் போகலாம். காலை நேரம் பாதுகாப்பு.

சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். உங்கள் பாடவேளையும் அதே 40 நிமிடம் என்று நம்பி இருக்க வேண்டாம், பிள்ளைகள் வந்து உட்காரும் நேரமும் அதற்குள் ஓடிவிடும். பரிசோதிக்க ஒரு லிங்க், நிகழ்வுக்கு வேறு லிங்க் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மீட் இதற்கு வசதி. உங்கள் பக்கம் ஒரு கருவி, அவர் பக்கம் ஒரு கருவி என்று இரண்டே இணைப்பு என்றால் இலவசத்திலேயே 24 மணித்தியாலம் வரை விடும். மூன்றாவதாக ஒரு ஆசிரியர் தன் போனில் எட்டிப் பார்த்தால் 60 நிமிட எல்லை வந்துவிடும். அதனால் லிங்கை யாருக்கும் பகிர வேண்டாம்.

டேட்டா ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும், 3 ஜிபி போட்டு வையுங்கள். ஹொட்ஸ்பொட்டைவிடப் போனை யூஎஸ்பி வயரால் லப்டொப்பில் கொழுவுவது உறுதியானது. சார்ஜும் ஏறும். போன் ஜன்னலோரம் இருக்கட்டும், சட்டைப்பையில் வேண்டாம். அந்தப் போனுக்கு அழைப்பு வந்தால் சில போன்களில் டேட்டா அறுந்துபோகும். யாருக்கும் தெரியாத இலக்கமுள்ள சிம்மைப் போடுவது நல்லது. விண்டோஸில் அந்த இணைப்பை “மீற்றர்ட்” (metered, அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது இன்டர்நெற் கிடைத்த சந்தோஷத்தில் அப்டேட் இறக்கத் தொடங்கிவிடும், படம் உறைந்து நிற்கும். இரண்டாவது போனில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று தயாராக இருக்க வேண்டும். பரிசோதனையைப் பாடசாலை விட்ட பிறகு செய்ய வேண்டாம், பாடசாலை நாளில் அதே அறையில் அதே நேரத்தில் செய்து பாருங்கள். நெற்வேர்க் நெரிசல் நேரத்துக்கு நேரம் மாறும்.

படத்தைவிடச் சத்தம்தான் இந்த நிகழ்வுகளைக் கெடுக்கும். கூட்டத்து ஸ்பீக்கரில் எழுத்தாளரின் குரல் வருகிறது, அதை லப்டொப் மைக் திரும்பப் பிடித்து அவருக்கே அனுப்புகிறது, அவருக்குத் தன் குரலே அரை விநாடி பிந்திக் கேட்கும். அப்படி யாராலும் பேச முடியாது. அறையில் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஸ்பீக்கரைப் பிள்ளைகளைப் பார்த்து வைத்து, லப்டொப்பை அதற்குப் பின்னால் இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளை எழும்பி லப்டொப் அருகே வந்து, ஒரு முழத் தூரத்தில் நின்று கேட்க வேண்டும். இருந்த இடத்திலிருந்து கத்தினால் அங்கே வெறும் இரைச்சல்தான் போகும். எழுத்தாளர் பேசும்போது உங்கள் மைக்கை மூடிவிடுங்கள், கேள்விக்கு மட்டும் திறவுங்கள். கேள்வி நேரத்தில் லப்டொப்புக்கு நேர் மேலே உள்ள ஃபானை நிறுத்துங்கள்.

கிழக்கு ஜன்னல் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தால் காலை வெயிலில் அவர்களது முகமெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். முகம் தெரியாமல் பேசுபவர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார். பிள்ளைகளை ஜன்னலைப் பார்த்து இருத்துங்கள்.

கரண்ட் போனால் மல்டிமீடியாவும் ஸ்பீக்கரும் நிற்கும், லப்டொப் நிற்காது. சார்ஜ் ஏற்றிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று மேசையில் இருந்தால் குரலை மட்டும் வைத்துத் தொடரலாம். “ஐந்து நிமிடத்தில் நாங்கள் திரும்ப வராவிட்டால் வட்ஸ்அப்பில் அழையுங்கள்” என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கிண்ணியா வாசகி

நேரில் வருபவரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. உங்கள் அறைக்கும் நெற்வேர்க்குக்கும் நேரில் வருவதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். செலவு கூடத்தான். ஆனால் கொழும்பிலிருந்து வருபவரை ஒரு பாடசாலையோடு திருப்பி அனுப்புவது நட்டம். பக்கத்துப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து, ஒரு நாள் உங்களிடம், மறுநாள் நிலாவெளியிலோ இங்கே கிண்ணியாவிலோ என்று ஒழுங்குசெய்தால் பயணச் செலவு இரண்டாகப் பிரியும். எங்கள் பக்கம் என்றால் வெள்ளியைத் தவிருங்கள், முஸ்லிம் பாடசாலைகள் ஜும்ஆத் தொழுகைக்கு முந்தியே விட்டுவிடும்.

இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ வருபவர் விடியற்காலை இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்மூட இடம் வேண்டும். மூன்றாம் பாடவேளைக்கு முன் வைக்காதீர்கள்.

அழைப்புக் கடிதம் பெரும்பாலும் “வருகை தந்து சிறப்பிக்குமாறு” என்பதோடு முடிந்துவிடுகிறது. அவருக்குத் தேவையானது வேறு. எந்தத் தரம், எத்தனை பேர், எந்தக் கதையை வாசித்திருக்கிறார்கள், எத்தனை நிமிடம், யார் நிலையத்துக்கு வருவார்கள், எங்கே தங்குவது, பயணச் செலவு எவ்வளவு, சன்மானம் உண்டா இல்லையா. இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று விடுவது அவரைச் சங்கடப்படுத்தும். கடிதம் அதிபரின் கையொப்பத்தோடு போகட்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அதிபர் மூலம் அறிவித்துவிடுங்கள்.

அடுத்தது சடங்கு. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை, நன்றியுரை என்று நிரல் போட்டால் 40 நிமிடமும் அதற்கே சரி. கதையை வாசித்துக் கேள்வியோடு காத்திருந்த பிள்ளைக்கு மிஞ்சுவது மணி அடிக்கிற சத்தம். ஒரு பிள்ளை இரண்டு நிமிடத்தில் வரவேற்கட்டும். அவர் 12 நிமிடம் பேசட்டும் அல்லது வாசிக்கட்டும், 20 நிமிடம் கேள்வி. பொன்னாடையை ஆசிரியர் அறையில் தேநீரோடு போர்த்தலாம், மரியாதை ஒன்றும் குறையாது.

புத்தகம் விற்பதானால் அதிபரிடம் முன்னரே அனுமதி வாங்கி, விலையை முதல் நாளே வீட்டுக்கு எழுதி அனுப்புங்கள். காசு கொண்டுவராத பிள்ளை வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் கதைத்தாளிலும் கையொப்பம் போடும்படி எழுத்தாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

உப்புவெளி நூலகம்

மிக்க நன்றி. நேரில் அழைப்பது என்றே யோசிக்கிறோம். 68 பேரையும் பிரதான மண்டபத்தில் வைக்கலாமா? பிறகு என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

வாசிப்பு வட்டம்

மண்டபம் வேண்டாம். அங்கே அவர் மேடையில், பிள்ளைகள் கீழே, நடுவில் எட்டு மீற்றர். அதோடு, நூலகத்துக்குத்தான் பிள்ளைகள் வரவேண்டும். தரம் 7க்கு ஒரு பாடவேளை, தரம் 8க்கு அடுத்தது என்று இரண்டு அமர்வாக வையுங்கள். இடையில் 15 நிமிடமும் ஒரு தேநீரும் அவருக்குத் தேவை, நேரசூசியில் இடைவேளையைத் தாண்டிவரும் இரண்டு பாடவேளையைப் பாருங்கள். இரண்டு அமர்வு என்பதைக் கடிதத்திலும் எழுதுங்கள். கதிரைகளை அடுக்கிவிட்டுப் பாய் விரித்து அரைவட்டமாக இருத்தினால் உங்கள் அறை தாராளமாகக் காணும்.

பிறகு என்றால், அன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று உண்டு. அவருடைய புத்தகங்களையும் அதே மாதிரியான வேறு 10, 15 கதைப் புத்தகங்களையும் 894.811 (நூலகப் பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் இலக்கம்) தட்டிலிருந்து எடுத்து, வாசல் மேசையில் அட்டை தெரிய நிறுத்தி வையுங்கள். அமர்வு முடிந்த கையோடு இரவல் கொடுக்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் ஆசை ஆறிவிடும். பதிவேட்டில் தாமதமாகும் என்றால் பெயரையும் புத்தக இலக்கத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பின்னேரம் ஏற்றலாம். நூலகத்தில் இல்லாத ஈழத்துப் புத்தகங்களை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், நிறைய எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

கேட்க முடியாமல் மிஞ்சிய கேள்விச் சீட்டுகளை வீசிவிட வேண்டாம். ஒரு உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். திரும்பிப் போகும் வழியில் வாசிப்பார். இரண்டு மூன்றுக்காவது குரல்பதிவாகப் பதில் அனுப்பும்படி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அது வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.