ஓடிக்கிட்டிருந்த கிராஸ் கம்பைலரை மறுபடி பில்டு பண்ண முடியல. எதையெல்லாம் எழுதி வைக்கணும்?

இறால்குட்டை, கடலூர் முதுநகர்

வணக்கம். முதுநகர்ல சின்ன பட்டறை வச்சிருக்கேன். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து இறால் குட்டைகளுக்கு ஆக்சிஜன் அளக்குற பெட்டி செஞ்சு தர்றோம். உள்ளே இருக்கிறது முதல்ல வந்த ராஸ்பெர்ரி பை ஜீரோங்கிற குட்டி கம்ப்யூட்டர், அதுல பஸ்டர்ங்கிற பழைய ஓஎஸ். குட்டைத் தண்ணியில விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்ப இறங்கும். அந்த நேரத்துல ஏரேட்டர் ஓடலைன்னா இறால் மேலே வந்து தத்தளிக்கும். ஒரு குட்டை செத்தா அந்த வீட்டுக்கு நாலு மாச உழைப்பு போச்சு.

ப்ரோக்ராம் சி-ல எழுதினது. ஜீரோவுலயே கம்பைல் பண்ணா ஆமை வேகம்னு லேப்டாப்ல கிராஸ் கம்பைலர் (ஒரு மெஷின்ல இருந்துக்கிட்டே வேற சிப்புக்கு ப்ரோக்ராம் செஞ்சு தர்ற கம்பைலர்) வச்சிருந்தோம். முன்னே கூட இருந்த நண்பர் பில்டு பண்ணது. அவர் வேற வேலைக்குப் போயிட்டார். போன மாசம் டிஸ்க் போயிடுச்சு. சோர்ஸ் தப்பிச்சது, கம்பைலர் போச்சு. மிச்சம் அவர் நோட்டுல இருந்த இந்த மூணு வரிதான்:

"பைனுட்டில்ஸ், கெர்னல் ஹெட்டர், ஜிசிசி முதல் ஸ்டேஜ், ஜிலிப்சி, திரும்ப ஜிசிசி. வழக்கமான ஆப்ஷன் போடு. ஜிலிப்சிக்குத் தனி ஃபோல்டர்."

(ஜிசிசி கம்பைலர், பைனுட்டில்ஸ் அதுக்கு வேண்டிய அசெம்ப்ளரும் லிங்கரும், ஜிலிப்சி சி லைப்ரரி.) வரிசை சரிதான். அந்த "வழக்கமான ஆப்ஷன்" என்னன்னு தேடினதுலயே ஒன்பது நாள் போச்சு. புதுசா இருக்கட்டும்னு ஜிலிப்சி 2.36 போட்டேன், ஜீரோவுல ஏத்தினதும் 2.34 வெர்ஷன் இல்லன்னு நின்னுடுச்சு. பஸ்டர்ல இருக்கிறது 2.28னு அப்புறம்தான் பார்த்தேன். 2.28 எடுத்தா, என் புது ஜிசிசி அதோட வார்னிங்கையெல்லாம் எர்ரரா எடுத்துக்கிட்டு பில்டை நிறுத்துது. டிசேபிள்-வெர்ரர் போட்டுத் தாண்டினேன். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போய் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். இப்போ மேஜை மேல இருக்கிற பை 3-ல ப்ரோக்ராம் அழகா ஓடுது. அதே ஃபைலை ஜீரோவுல போட்டா "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்".

கேள்வி ரெண்டு. இது எதனால? அடுத்து வர்றவன் இந்த ஒன்பது நாளைத் தொலைக்காம இருக்க, எதை எப்படி எழுதி வைக்கணும்?

லாஸ்பேட்டை எம்பெடட், புதுச்சேரி

தம்பி, ஏதோ ஒரு வெப் பக்கத்துல பார்த்து வித்-ஆர்ச்ங்கிற (எந்த சிப் வகைக்குன்னு சொல்ற) ஆப்ஷன்ல ஏவி7, அதாவது ஏஆர்எம்வி7 போட்டிருப்பீங்க. பை 3-ல இருக்கிறது ஏஆர்எம்வி8 சிப், அது ஏவி7 கோடையும் ஓட்டும். உங்க ஜீரோ ஏஆர்எம்வி6. ஏவி7-ல புதுசா வந்த இன்ஸ்ட்ரக்ஷன் அதுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் டார்கெட் பேர் ஒண்ணேதான், கடைசியில "ஹெச்எஃப்"னு முடியும். பேரை வச்சு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. டெபியன் லினக்ஸோட ஆர்ம்ஹெச்எஃப் பதிப்பு ஏவி7-க்குன்னு செஞ்சது. முதல் பைக்கு அது ஆகாதுன்னுதான் பைக்கான ஓஎஸ் ராஸ்பியனையே தனியா ஏவி6-க்கு கம்பைல் பண்ணாங்க.

கிள்ளையில ஓடிக்கிட்டிருக்கிற பெட்டியில உங்க பழைய பைனரி இருக்குமில்ல? அதைக் கொண்டுவாங்க. பைனரிக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற ரீட்எல்ஃப் கமாண்டை மைனஸ் பெரிய ஏ வச்சுப் போடுங்க. எந்த சிபியு, எந்த எஃப்பியு (தசம எண் கணக்குப் போடுற பகுதி), ஃப்ளோட் ஆர்கியுமென்ட் எந்த ரெஜிஸ்டர்ல போகுதுன்னு மூணும் வரும். காமென்ட் செக்ஷனைப் பார்த்தா எந்த ஜிசிசி வெர்ஷன்னு தெரியும். ஜீரோவுல ஜிசிசி இருந்தா அதையே மைனஸ் வி போட்டுக் கேளுங்க, "கன்ஃபிகர்டு வித்"னு மொத்த ஆப்ஷனையும் ஒப்பிக்கும். நான் எந்த கம்பைலர் பில்டு பண்ணாலும் அந்த ஒரு வரியை அன்னிக்கே ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைலா சேமிச்சிடுவேன்.

தானே_2011, தேவனாம்பட்டினம்

கையால பில்டு பண்றதை விடுங்க. கிராஸ் கம்பைலரைத் தானே பில்டு பண்ணித் தர்ற கிராஸ்டூல்-என்ஜி எடுத்தா ராஸ்பெர்ரி பைக்கு மாதிரி கான்ஃபிக்கே இருக்கு. அந்த கான்ஃபிக் ஃபைலை கிட் (git) ரெப்போவுல போட்டா அதுவே டாக்குமென்டேஷன்.

ஆய்வக டீச்சர், வில்லியனூர்

கான்ஃபிக் ஃபைல் அவசியம், ஆனா அது பத்தாது. என்ன போட்டீங்கன்னு அது சொல்லும், ஏன் போட்டீங்கன்னு சொல்லாது. முதல் ஸ்டேஜ் ஜிசிசிக்குப் போடுற வித்-நியூலிப்பையே எடுத்துக்கோங்க. நியூலிப்ங்கிற வேற ஒரு சி லைப்ரரியைப் பயன்படுத்தச் சொல்ற ஆப்ஷன்னு என் பசங்க எல்லாருமே நினைச்சாங்க. சி லைப்ரரி இன்னும் வரல, லிப்ஜிசிசியில (ஜிசிசியோட துணை லைப்ரரி) அது தேவைப்படுற பகுதியை விட்டுடுன்னு சொல்றதுக்காக அங்க போடுறது. இதை ஒரு வரி எழுதி வைக்காததால ஒருத்தன் நியூலிப்பையே இறக்கிக்கிட்டிருந்தான். 64 பிட்டுக்குப் போனா கெர்னல்ல ஆர்ம்64, ஜிசிசியில ஏஆர்ச்64. ஒரே சிப்புக்கு ரெண்டு பேர்னு சொல்லலைன்னா புதுசா வர்றவங்க தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிறாங்க.

நீங்க எழுதினதை, கம்பைலரே இல்லாத ஒரு சுத்தமான மெஷின்ல வேற ஒருத்தர் செஞ்சு பார்க்கணும். நீங்க வாயே திறக்கக் கூடாது.

இறால்குட்டை, கடலூர் முதுநகர்

அண்ணே, நேத்து காலையில நாலரைக்கே கிள்ளை போயிட்டேன். பெட்டியை நிறுத்த மனசு வரல, ஏரேட்டர் ஓடி வெயில் ஏறினப்புறம்தான் கார்டைக் கழட்டினேன். ரீட்எல்ஃப் சொன்னது: சிபியு வி6, எஃப்பியு விஎஃப்பிவி2, ஆர்கியுமென்ட் விஎஃப்பி ரெஜிஸ்டர்ல. காமென்ட்ல ஜிசிசி 8.3.0. அந்த வரிகளைப் பார்த்ததும் நண்பரே எதிர்ல உட்கார்ந்து பேசுற மாதிரி இருந்துச்சு.

ஏஆர்எம்வி6, விஎஃப்பி, ஹார்ட் ஃப்ளோட் போட்டு பில்டு பண்ணேன். ஜீரோவுல ஓடுது. டீச்சரம்மா சொன்ன மாதிரி எழுதவும் ஆரம்பிச்சுட்டேன்:

"ஜிலிப்சி 2.28. இதுக்கு மேல போகாதே: பெட்டிகள்ல பஸ்டர் இருக்கு, புது ஜிலிப்சியில பில்டு பண்ண பைனரி அங்க திறக்காது. பெட்டியோட ஓஎஸ்ஸை மாத்தினா இந்த வரியையும் மாத்து.

வித்-ஆர்ச் ஏஆர்எம்வி6. ஏவி7 போட்டா மேஜையில ஓடும், குட்டையில நிக்கும். சோதனையை ஜீரோவுலதான் பண்ணணும், பை 3-ல பண்ணாதே."

இப்படி பதினோரு ஆப்ஷனுக்கும் எழுதியிருக்கேன். டீச்சரம்மா, உங்க பசங்க யாராவது செஞ்சு பார்க்க முடியுமா?

ஆய்வக டீச்சர், வில்லியனூர்

ரெண்டு பேர் சனிக்கிழமை உட்கார்ந்தாங்க. ஜிலிப்சி கன்ஃபிகர்ல ஜிஆக், பைசன்ங்கிற ரெண்டு டூலும் இல்லன்னு நின்னுடுச்சு. உங்க லேப்டாப்ல ஏற்கெனவே இருந்திருக்கும், அதான் எழுத விட்டுப்போச்சு. அடுத்தது, பைனுட்டில்ஸ் முடிச்சதும் அதோட பின் (bin) ஃபோல்டரை பாத்ல (கமாண்டுகளை ஷெல் தேடுற இடப் பட்டியல், PATH) சேர்க்கணும்னு எங்கேயும் இல்ல. அங்க ஒன்றரை மணி நேரம் திணறினாங்க. இந்த ரெண்டையும் சேர்த்து அனுப்புங்க, அடுத்த சனிக்கிழமை வேற ரெண்டு பேரை உட்கார வைக்கிறேன்.